தெளிந்த தண்ணீரின் காய்ச்சல்கள்

(மயிலாப்பூரில் பொதுமக்களுக்காக நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டெங்கு வந்தவர்கள் கை தூக்குங்கள் என்று சற்று முன் கேட்டேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள் எழுந்தன. முன்வரிசையில் இருக்கும் மாமி, “எங்காத்துல யாருக்குமே வந்ததில்லை டாக்டர்” என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். மாமி கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் சொல்வதை நம்புவதா, ரத்தம் சொல்வதை நம்புவதா என்ற இடத்திலிருந்துதான் நான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சென்னையில் குலுக்கல் முறையில் 50 இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஆயிரத்துச் சொச்சம் பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். நம் ஊர் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த வேலை அது. 2015-ல் வெளியானது. டெங்கு எப்போதோ வந்து போனதற்கான எதிர்ப்பொருள் நூற்றுக்கு 93 பேரிடம் இருந்தது. சிக்குன்குனியாவுக்கு 44 பேரிடம். தனக்கு டெங்கு வந்ததாகத் தெரிந்திருந்தவர்களோ மிகச் சிலர். சின்ன வயதில் இரண்டு நாள் காய்ச்சல், கஷாயம், ரசம் சாதம், மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் என்று அது பெரும்பாலானவர்களுக்கு முடிந்து போயிருக்கிறது. மாமி, உங்களுக்கும் வந்து போயிருக்கலாம். உங்கள் வீட்டுக்காரருக்கு நிச்சயம் வந்திருக்கும் என்று பந்தயம் கட்டக்கூட நான் தயார்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். 2017-ல் தமிழ்நாடு முழுவதும் பதிவான டெங்கு நோயாளிகள் 23,294 பேர், இறந்தவர்கள் 65 பேர். அந்த ஆண்டு ஊரே டெங்குவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. தெருமுனைதோறும் அண்டா வைத்து நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். ஏழரைக் கோடி மக்களில் 23 ஆயிரம் பேர்தானா என்று கேட்டால், ஆய்வகத்தில் உறுதியாகி அரசுக் கணக்கில் ஏறியவர்கள் அவ்வளவு பேர் என்பதுதான் பதில். அதுவும் உண்மை, 93-ம் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் பெரிய இடைவெளிதான் எங்கள் நோய்ப்பரவலியல் துறையின் வயல்காடு. மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். நாங்கள், வராமல் வீட்டிலேயே இருந்துவிட்ட நோயாளிகளையும் நோயே வராதவர்களையும் சேர்த்துப் பார்க்கிறோம். எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்டுவிட்டு, உடனே எத்தனை பேரில் என்று இன்னொரு கேள்வியையும் போடுவோம்.

அந்த 93-ஐ நான் முதலில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. குப்பங்களையும் குடிசைகளையும் மட்டும் எண்ணி அந்த எண்ணை எட்ட முடியாது. கணக்கே இடம் கொடுக்காது. அதில் குப்பமான சீனிவாசபுரமும் இருக்க வேண்டும், வசதியானவர்களின் அபிராமபுரமும் இருக்க வேண்டும். ஆனால் மழைக்காலம் வந்தால் நம் கண் எங்கே போகிறது? கூவத்துக்கு, பக்கிங்காம் கால்வாய்க்கு, குப்பைத் தொட்டிக்கு. நாற்றமடிக்கும் தண்ணீரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டோம். இந்த நகரத்தின் பெரிய காய்ச்சல்களை வளர்த்ததோ, நாம் காசு கொடுத்து வாங்கி, மோட்டார் போட்டு ஏற்றி, சேர்த்து வைத்த நல்ல தண்ணீர். இதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

கொஞ்சம் பழைய கதை. 1780-ல் சென்னைப் பட்டினத்தில் ஒரு காய்ச்சல் பரவியது. இந்தியாவில் பதிவான முதல் டெங்கு போன்ற கொள்ளைநோய் என்று பாடப்புத்தகங்கள் அதைத்தான் குறிப்பிடுகின்றன. டெங்கு ‘போன்ற’ என்று ஜாக்கிரதையாகத்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கு வைரஸ் என்ற ஒன்றையே யாரும் அறியவில்லை. வேலூர் சி.எம்.சி.யின் வைரஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய டொனால்டு கேரி என்ற அமெரிக்கர், பழைய ஏடுகளில் டெங்கு என்று எழுதிவைத்த சில கொள்ளைநோய்கள் சிக்குன்குனியாவாக இருந்திருக்கலாம் என்று 1971-ல் எழுதினார். இரண்டிலும் காய்ச்சல், உடம்புவலி, தடிப்பு. மூட்டுவலி எத்தனை நாள் நீடிக்கிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

அவருக்கு அந்தச் சந்தேகம் வந்ததற்கு நம் ஊர்தான் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1964-ல் சென்னையிலும் வேலூரிலும் பாண்டிச்சேரியிலும் ஒரு காய்ச்சல் பரவியது. தெருத் தெருவாக மக்கள் குனிந்தபடி நடந்தார்கள். எல்லோரும் டெங்கு என்றுதான் முதலில் நினைத்தார்கள். கேரியும் அவருடன் இருந்தவர்களும் நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும், பிடித்த கொசுக்களிலிருந்தும் சிக்குன்குனியா வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு 1973-ல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் ஒரு தடவை தலைகாட்டிவிட்டு அது நாட்டைவிட்டே காணாமல் போனது. 32 ஆண்டுகள்! மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு அதை நடத்தும்போது பேராசிரியர்கள் ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். 2005 கடைசியில் திரும்பி வந்தது. 2006-ல் தமிழ்நாட்டில் மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். வந்தது பழைய ஆள் இல்லை. 1964-ன் வைரஸ் ஆசிய வகை. 2006-ல் வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியப் பெருங்கடல் தீவுகள் வழியாக வந்த வேறு வகை. இடைப்பட்ட 32 ஆண்டுகளில் அந்த நோயைப் பார்த்தே இராத ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்திருந்தது. வைரஸ் வந்து இறங்கியபோது அதைச் சுமந்து செல்லக் கொசு தயாராக இருந்தது. 1964-ல் இருந்த அதே கொசு, அதே மாதிரியான தண்ணீரில்.

அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

கார்ப்பரேஷனின் மலேரியா பணியாளர் வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு டார்ச்சும் நீளக் கைப்பிடி போட்ட வெள்ளைக் கரண்டியும் வைத்திருப்பார். வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், கொசுப்புழு அதில்தான் பளிச்சென்று தெரியும். கரண்டியைச் சாய்வாக, சத்தமில்லாமல் தண்ணீரில் இறக்க வேண்டும். நிழல் பட்டாலே புழு அடியில் ஓடிவிடும். மொண்டு எடுத்து, தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை பொறுத்திருந்து பார்த்தால் போதும், நுண்ணோக்கி இல்லாமலே மூன்று ஜாதிக் கொசுவையும் பிரித்துவிடலாம். தண்ணீரின் மேல்பரப்புக்குச் சமமாக, ஒரு துரும்பைப் போலப் படுத்துக் கிடந்தால் அது அனாஃபிலஸ், மலேரியாக் கொசு. தலைகீழாகத் தொங்கி, பாம்பு நெளிவதுபோல நெளிந்து, டார்ச் வெளிச்சம் பட்டதும் அடிக்குப் போய், மேலே வரவே யோசித்தால் அது ஏடிஸ். டெங்குவும் சிக்குன்குனியாவும் அதன் சொத்து. கூட்டமாகச் சாய்ந்து தொங்கி, வால்பக்கத்தில் மூச்சுக்குழல் நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால் அது கியூலெக்ஸ். ராத்திரி நம் காதோரம் பாடுவது பெரும்பாலும் இதுதான்.

இந்த மூன்றில் சாக்கடையை விரும்புவது கியூலெக்ஸ் மட்டும். நம் நகரத்து அனாஃபிலஸான ஸ்டீஃபன்சிக்கு மாடித் தொட்டியும் கிணறும் வேண்டும். ஏடிஸுக்கு டிரம், சிமென்ட் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டு, மணி பிளான்ட் வைத்த பாட்டில், பூந்தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு, புழக்கடையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி எல்லாமே அரண்மனை. அதன் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் முட்டை சாகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். தேங்காய் நார் வைத்துச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சொல்வது அதனால்தான். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாள்.

இந்த ஒரு வாரக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். சீனிவாசபுரத்தில் ஒரு குடும்பம் தண்ணி லாரியில் பிடித்து வைத்த ஏழு குடத்தை இரண்டு நாளில் செலவழித்துவிடும். குடம் காலியாகும், கழுவுவார்கள், மறுபடி பிடிப்பார்கள். அந்தக் குடத்தில் எந்தக் கொசுவும் பிள்ளை பெற்று வளர்க்க முடியாது. டிரம்மில் அடியில் தேங்கி நிற்கும் தண்ணீர் ஆபத்துதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடையாறில் நாலாவது மாடியில், பிள்ளைகள் நியூ ஜெர்சியில் இருக்க, அப்பா அம்மா ஆறு மாதம் அங்கே போயிருக்கும் பூட்டிய ஃபிளாட்டின் பால்கனியில் இருக்கும் பூந்தொட்டித் தட்டுக்கு மழை ஊற்றுகிறது, யாரும் கொட்டுவதில்லை. பணியாளர் வந்து கதவைத் தட்டிவிட்டுத் தன் நோட்டில் ‘பூட்டிய வீடு’ என்று எழுதிக்கொண்டு போகிறார். ஒரு தெருவில் பூட்டிய வீடுகள் கூடினால், மற்ற வீடுகளில் பார்த்த வேலை எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

மலேரியாவுக்கு வருகிறேன். பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் மலேரியா நோயாளிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஊரில்தான் இருந்தார்கள். கிராமத்து நோய், காட்டு நோய் என்று நாம் நினைக்கும் மலேரியா இங்கே நகரத்து நோயாகக் குடித்தனம் நடத்தியது. பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. ஆளை அவ்வளவாகக் கொல்லாது, ஆனால் விடவும் விடாது. கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்பும். ஒளிந்திருப்பதைத் தீர்க்க 14 நாள் பிரைமாக்குவின் சாப்பிட வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாளே இறங்கிவிடுகிறது. மிச்ச மாத்திரை மேஜை இழுப்பறைக்குப் போகிறது. மறுபடி குளிர் ஜுரம் வரும்போது, புதுக் கொசு கடித்துவிட்டது என்று கார்ப்பரேஷனைத் திட்டுகிறோம்.

பெசன்ட் நகரில் கார்ப்பரேஷனின் மலேரியா கிளினிக் ஒன்று உண்டு. கடற்கரையோரம் குப்பமும் அடுக்குமாடியும் தோள் உரசி நிற்கும் இடம். தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வுத் திட்டத்தில் அந்தக் கிளினிக்குக்கும் இடம் கிடைத்தது. மாடித் தொட்டிதான் சென்னையில் ஸ்டீஃபன்சி வளரும் முக்கிய இடமாக இருக்கக்கூடும் என்று தலைப்பிலேயே சொல்லும் ஒரு கட்டுரை 2016-ல் வெளியானது. உங்கள் வீட்டுத் தொட்டியைக் கடைசியாக எப்போது ஏறிப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. சுத்தம் செய்ய வந்தவர் மூடியைச் சரியாகப் போட்டிருக்க மாட்டார், அல்லது வெயிலில் அது விரிசல் விட்டிருக்கும். மூடி நன்றாக இருந்தாலும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் திறந்திருக்கும். கொசுவுக்கு அந்த ஒரு அங்குலம் ராஜபாட்டை. அதன் வாயில் ஒரு துண்டு கொசுவலையைக் கட்டிவிட்டால் தீர்ந்தது. பத்து ரூபாய் ஆகாது.

தண்ணீரை மூடச் சொல்வது சாமானிய வேலை இல்லை. 1911-ல் பம்பாயில் மலேரியாவை ஆராய்ந்த பென்ட்லி, நகரத்துக் கிணறுகளை மூட வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். பார்சிகள் எதிர்த்தார்கள். கிணற்று நீர் அவர்களுக்குப் புனிதம், சூரிய ஒளி படாமல் மூடக் கூடாது. கடைசியில் கம்பிவலை, கதவு வைத்த மூடி என்று ஏதேதோ சமரசம் செய்துகொண்டார்கள். நம் மயிலாப்பூர் வீடுகளிலும் மடித் தண்ணீர்க் கிணறு இருந்த காலத்தில், மூடி போடுங்கள் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இங்கே கம்பூசியா, கப்பி மீன்களைக் கிணற்றில் விட்டார்கள். அது நல்ல ஏற்பாடு, யாருடைய ஆசாரமும் கெடவில்லை. கபாலீசுவரர் தெப்பக்குளத்தைப் பார்த்துக் கொசுவுக்குப் பயப்படுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: மீன் இருக்கும்வரை குளத்தை விட்டுவிடுங்கள், பக்கத்து மாடவீதி மாடிகளைப் பாருங்கள்.

இந்த ஸ்டீஃபன்சி இப்போது வெளிநாடும் போய்விட்டது. 2012-ல் ஜிபூட்டியில் கண்டுபிடித்தார்கள். 2022-ல் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரில் மலேரியா வெடித்தபோது, விசாரணையில் சிக்கியது இதுதான். ஆப்பிரிக்காவில் மலேரியா பெரும்பாலும் கிராமத்தைச் சார்ந்தது, நகரத்துக்குப் போனால் தப்பிக்கலாம் என்று இருந்தது. தொட்டியிலும் டிரம்மிலும் வாழப் பழகிய ஒரு நகரத்துக் கொசு அந்த நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம் இலங்கை. 1963-ல் அங்கே மொத்தமே 17 மலேரியா நோயாளிகள். ஒழித்துவிட்டோம் என்று கையைத் தளர்த்தினார்கள். 1968, 69-ல் அது 5 லட்சத்தைத் தாண்டியது. அந்த அடியை அவர்கள் மறக்கவில்லை. பல பத்தாண்டு உழைத்து, 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மன்னார்க் கிணறுகளில் ஸ்டீஃபன்சியின் புழு கிடைத்தது. மன்னாரிலிருந்து ராமேசுவரம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். சான்றிதழின் மை காய்வதற்குள் கிணறு கிணறாகக் கரண்டியோடு இறங்கியவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்கள் நோய் வரும்வரை காத்திருக்கவில்லை.

கொசு இல்லாத ஒரு கதையும் சொல்ல வேண்டும். 1992 அக்டோபரில் சென்னையில் ஒரு காலரா வந்தது. வயிற்றுப்போக்கு காலராவைப் போலவே இருந்தது, கிருமியும் காலராக் கிருமியைப் போலவே இருந்தது, ஆனால் வழக்கமான பரிசோதனைக்கு அது பிடிகொடுக்கவில்லை. அதுவரை கொள்ளைநோயாகப் பரவும் காலரா என்றால் ஓ1 என்ற ஒரே வகைதான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. இது புது வகை: ஓ139. சென்னையில் எடுத்த எம்ஓ45 என்ற மாதிரியை இன்றும் ஆய்வகங்கள் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கின்றன. சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் என்று போய் ஆயிரக்கணக்கானவர்களைச் சாய்த்தது. பழைய காலராவுக்குப் பழகிய ஊர்களில் குழந்தைகளே அதிகம் மாட்டுவார்கள், பெரியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும். இதில் பெரியவர்கள் விழுந்தார்கள். பழைய அனுபவம் உடம்புக்கு உதவவில்லை. வயதுவாரியாகப் பிரித்துப் போட்ட ஒரு சாதாரண அட்டவணையும், இது புதிய ஆள் என்று காட்டிக் கொடுத்தது. உலகம் அதற்கு ‘பெங்கால்’ என்று பெயர் வைத்தது. நம் ஊருக்கு அந்தப் பெருமை கிடைக்காமல் போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

காலரா குழாயில் எப்படி ஏறுகிறது? தண்ணீர் 24 மணி நேரமும் குழாயில் அழுத்தத்தோடு ஓடினால், ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். நம் ஊரில் சில மணி நேரம்தான் விடுகிறார்கள். மற்ற நேரம் குழாய் காலி. பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன. காலிக் குழாய் வெளியில் நிற்கும் அழுக்கை உள்ளே வாங்கிக்கொள்ளும். இந்த லட்சணத்தில், மெட்ரோ வாட்டர் இணைப்பில் நேரடியாக மோட்டாரைப் போட்டு உறிஞ்சுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தெருவில் இருக்கும் ஒவ்வொரு விரிசலுக்கும் வாய் வைத்து இழுக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சுத்திகரிப்புக் கருவி இருக்கும். அடுத்த வீட்டில் இருக்காது. குழாய் முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. மருந்துச் சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளாக மாறுகிறதா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். வெள்ளத்துக்கும் சுனாமிக்கும் பிறகு நம் பொதுச் சுகாதாரத் துறை ஆட்கள் லாரி லாரியாக, தொட்டி தொட்டியாக இதைத்தான் சலிக்காமல் செய்தார்கள். 2004-லும் 2015-லும் எல்லோரும் பயந்த கொள்ளைநோய் வரவில்லை. வராத நோய்க்கு யாரும் மாலை போடுவதில்லை.

சாக்கடைக்கும் ஒரு நோய் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தியாகராய நகர் 1920-களில் உருவானது லாங் டேங்க் என்று சொல்லப்பட்ட நீண்ட ஏரியின் மடியில். படகுப் போட்டி நடந்த ஏரி அது. ஏரியைத் தூர்த்தாலும் தண்ணீருக்குத் தன் வீடு மறக்காது, ஒவ்வொரு மழைக்கும் உஸ்மான் சாலைக்கு வந்துவிடும். மாம்பலம் கால்வாயில் ஓடுவது மழைநீர் மட்டும் இல்லை என்பது மூக்குள்ள எவருக்கும் தெரியும். அங்கே கியூலெக்ஸ் கோடிக்கணக்கில் வளர்கிறது. அது கொடுத்தது யானைக்கால். யானைக்காலை உண்டாக்கும் ஒட்டுண்ணிப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தின் மேல் ஓட்டத்துக்கு வரும். அதனால் ஃபைலேரியாப் பிரிவு ஆட்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வீடு வீடாகப் போய் விரல் நுனியில் ஊசி குத்துவார்கள். தூக்கக் கலக்கத்தில் கை நீட்டிய தலைமுறை இங்கே இருக்கிறது. மாத்திரையாலும் உழைப்பாலும் அந்த நோய் வெகுவாக ஒடுங்கிவிட்டது, கொசு ஒடுங்கவில்லை.

கேலிக்கூத்து இங்கேதான். கார்ப்பரேஷனுக்குப் புகார் கொடுக்க வைப்பது கியூலெக்ஸின் கடி. ராத்திரி தூக்கம் கெடுகிறது, மறுநாள் தொலைபேசி அடிக்கிறோம். புகை வண்டி வருகிறது. பட்டாசு மாதிரி சத்தம், தெருவெல்லாம் வெள்ளைப் புகை, குழந்தைகள் பின்னால் ஓடும், கவுன்சிலருக்கு ஒரு புகைப்படம். பகலில் கடிக்கும் ஏடிஸோ அந்த நேரத்தில் அலமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் உட்கார்ந்திருக்கும். நாம் புகை நெடி தாங்காமல் சன்னலைச் சாத்தி அதைக் காப்பாற்றுகிறோம். பறக்கிற கொசு சில செத்தாலும் தொட்டியில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வாரம் அது பறக்கும். நோயாளி இருக்கும் வீட்டுக்குள் அடிக்கும் மருந்துக்குப் பயன் உண்டு. தெருவில் விடும் புகை பெரும்பாலும் வாக்காளருக்காக.

வேலை எங்கே செய்ய வேண்டும் என்பதற்கு எங்கள் துறையில் ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. எதுவுமே சமமாகப் பரவுவதில்லை. ஒரு தெருவில் தண்ணீர் நிற்கும் நூறு பாத்திரங்கள் இருந்தால், அங்கே பறக்கும் கொசுவில் பெரும்பகுதி ஒரு சில பாத்திரங்களிலிருந்து வந்திருக்கும். மனிதர்களிலும் அப்படித்தான். கோவிட் காலத்தில் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நோயாளிகளோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேரைப் பின்தொடர்ந்து திரட்டிய தரவு, 2020-ல் சயன்ஸ் இதழில் வந்தது. தொற்றியவர்களில் பத்தில் ஏழு பேர் தம்மோடு பழகிய எவருக்கும் கொடுக்கவில்லை. வெறும் 8 சதவீதம் பேரிடமிருந்து 60 சதவீதத் தொற்று கிளம்பியிருந்தது. அவ்வளவு பெரிய தொடர்புத் தேடல் ஆய்வு உலகத்தில் அதுவரை வந்ததில்லை. அந்தத் தேடலைச் செய்தவர்கள் நம் சுகாதார ஆய்வாளர்களும் கிராமச் செவிலியர்களும். எல்லோரையும் ஒரே மாதிரி மிரட்டுவதைவிட அந்தச் சிலரை, அந்தச் சில தொட்டிகளைத் தேடிப் போவது மேல்.

சென்னையில் அந்தச் சில தொட்டிகள் இப்போது எங்கே என்றால், கட்டுமான இடங்களில் என்று சொல்வேன். பழைய தனி வீட்டை இடித்து ஒன்பது ஃபிளாட் கட்டும் வேலை தி. நகரில் நடக்காத தெரு எது? கான்கிரீட் தளத்தில் பாத்தி கட்டி வாரக்கணக்கில் தண்ணீர் நிறுத்துகிறார்கள். லிஃப்ட் குழியில் தண்ணீர் நிற்கிறது, மாதக்கணக்கில். அதன் பக்கத்திலேயே ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் கொசுவலை இல்லாமல் தூங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் ஊரிலிருந்து மலேரியாவைச் சுமந்து வந்தால், ‘வடக்கத்திக்காரன் நோயைக் கொண்டுவந்துவிட்டான்’ என்று சொல்ல நமக்கு நாக்கு கூசுவதில்லை. கிருமி அவருடையதாக இருக்கலாம். கொசு நம்முடையது, லிஃப்ட் குழி பில்டருடையது. 1939-லேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். கொசு வளரவிடுவதைத் தடுக்க அதில் தனி அத்தியாயமே உண்டு. அந்தச் சட்டத்தின் கை பெட்டிக்கடைக்காரரின் டயர்வரை சுலபமாக நீள்கிறது, பில்டர் வாசலில் சற்றுத் தயங்குகிறது.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். நாங்கள் வரையும் நோய் வரைபடத்தில் எப்போதும் சில பகுதிகள் சிவப்பாக இருக்கும். வடசென்னை, குப்பங்கள், வாரியக் குடியிருப்புகள். அங்கே நோய் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே உள்ளவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள். அங்கே எடுத்த ரத்தம் அரசு ஆய்வகத்துக்குப் போகிறது. முடிவு வந்ததும் பெயர், முகவரி எல்லாம் கணினியில் ஏறி, மறுநாள் சுகாதார ஆய்வாளர் அந்தத் தெருவுக்கு வருகிறார், சுற்றிலும் உள்ள வீடுகளில் கரண்டி இறங்குகிறது. அடையாறில் உங்கள் பேரனுக்குக் காய்ச்சல் என்றால் குடும்ப டாக்டரிடம் போகிறீர்கள். மூலையில் இருக்கும் லேபில் கார்டு டெஸ்ட், சற்று நேரத்தில் கோடு விழுகிறது. தனியார் மருத்துவமனைகளும் டெங்குவைத் தெரிவித்தாக வேண்டும் என்பது விதி. சிலர் ஒழுங்காகத் தெரிவிக்கிறார்கள், பலர் ‘கார்டு டெஸ்ட்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். பையன் குணமாகிவிடுகிறான். வரைபடத்தில் உங்கள் தெரு வெள்ளையாகவே இருக்கிறது. யாரும் உங்கள் மாடிக்கு ஏறுவதில்லை.

ஆகவே அடுத்த தடவை அந்தக் கோடு விழுந்தால், டாக்டரிடம் மருந்துச் சீட்டோடு இதையும் கேளுங்கள்: “கார்ப்பரேஷனுக்குச் சொல்லிட்டீங்களா சார்?” அவர் சொல்லவில்லை என்றால் உங்கள் வார்டு சுகாதார அலுவலகத்துக்கு நீங்களே ஒரு போன் போடுங்கள். மறுநாள் காலையில் கரண்டியோடு ஒருவர் வந்து நிற்பார். மாடிச் சாவியைக் கொடுத்து அனுப்புங்கள்.

இனி கேள்விகளுக்கு வரலாம். மாமி, நீங்களே ஆரம்பியுங்கள்.